நன்றாக ஆடியும் ஹேண்டிகேப் ஏறிவிட்டது, கணக்கு எப்படி?

ஒன்பதாம்ஹோல்:
வணக்கம். ஞாயிறு காலை கோல்ஃப் கிளப்பில் வெள்ளை டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) ஆடினேன். கார்டில் மொத்தம் 94 அடி. வழக்கமாக 97, 98 என்று முடிக்கிற எனக்கு இது நல்ல ஸ்கோர். மாலையில் ஆப்பைத் திறந்தால் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 17.8-லிருந்து 18.3-க்கு ஏறியிருக்கிறது. நன்றாக ஆடினால் இறங்கத்தானே வேண்டும்? போதாததற்கு நான் கொடுத்த 94 ஆப்பில் 92 ஆகியிருக்கிறது, பக்கத்தில் 18.4 என்று இன்னொரு எண். கோர்ஸின் பார் (நிர்ணயித்த அடி எண்ணிக்கை) 72, அதன் கடினத்தைக் காட்டும் கோர்ஸ் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 128. மூத்த உறுப்பினர் ஒருவர், கடைசி 20 ஆட்டத்தில் சிறந்த 10-ஐ எடுத்து 0.96-ஆல் பெருக்க வேண்டும் என்றார். அதுவும் ஒத்துவரவில்லை. யாராவது விளக்குங்களேன்.

பச்சைப்புல்:
அவர் சொன்னது பழைய அமெரிக்க முறை. 2020-ல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ-வும் யுஎஸ்ஜிஏ-வும் சேர்ந்து உலக ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்த பிறகு, கடைசி 20-ல் சிறந்த 8-இன் சராசரிதான் இண்டெக்ஸ். 0.96 போய்விட்டது.

முதலில் 94 எப்படி 92 ஆனது என்று பார்ப்போம். ஏதாவது ஒரு ஹோலில் நிறைய அடித்தீர்களா?

ஒன்பதாம்ஹோல்:
ஆமாம் சார். 7-வது ஹோல், பார் 4. பந்து இரண்டு தடவை தண்ணீருக்குள் போய் 9 ஆகிவிட்டது.

பச்சைப்புல்:
அதன் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ், அதாவது கடின வரிசையில் அந்த ஹோலின் எண், என்ன?

ஒன்பதாம்ஹோல்:
5.

பச்சைப்புல்:
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. ஹேண்டிகேப் கணக்குக்கு ஒரு ஹோலில் அதிகபட்சம் நெட் டபுள் போகி வரைதான் எடுப்பார்கள்: பார் கூட்டல் 2, கூட்டல் அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக். 17.8 இண்டெக்ஸுக்கு இந்தக் கோர்ஸில் உங்கள் கோர்ஸ் ஹேண்டிகேப், அதாவது மொத்தச் சலுகை ஸ்ட்ரோக், 19. 18 ஹோலிலும் ஒவ்வொரு ஸ்ட்ரோக், மிச்சம் ஒன்று ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 உள்ள ஹோலுக்கு. ஆக 7-வது ஹோலில் 4 + 2 + 1 = 7. உங்கள் 9 அங்கே 7 ஆகிறது, மொத்தம் 92. போட்டி முடிவில் 94 அப்படியேதான் நிற்கும். ஒரே ஒரு ஹோல் கெட்டுப்போனதற்காக உங்கள் திறமையைத் தப்பாக எடை போடக்கூடாது என்பதுதான் இந்த விதியின் நோக்கம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த பகுதி இது.

அடுத்து 18.4. அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர், இண்டெக்ஸுக்குச் சராசரி எடுப்பது இதைத்தான். 92-இல் கோர்ஸ் ரேட்டிங் 71.2-ஐக் கழித்தால் 20.8. அதை 113-ஆல் பெருக்கி ஸ்லோப் 128-ஆல் வகுத்தால் 18.36, அதாவது 18.4. அன்றைய வானிலை, மைதான நிலையைப் பொறுத்து −1 முதல் +3 வரை ஒரு திருத்தம் வரலாம். உங்களுக்கு அன்று பூஜ்யம் என்று தெரிகிறது.

மலைக்காற்று:
இடையில் ஒரு சந்தேகம். என் கோர்ஸ் சின்னது, ரேட்டிங் 66.4, ஸ்லோப் 108. நான் 88 அடித்தேன். அப்போ நான் இவரைவிட நல்ல ஆட்டக்காரனா?

பச்சைப்புல்:
அந்த ஒரு ஆட்டத்தை வைத்துச் சொன்னால் இல்லை. 88-இல் 66.4 போக 21.6, அதை 113-ஆல் பெருக்கி 108-ஆல் வகுத்தால் 22.6. கடினமான கோர்ஸில் அவர் எடுத்த 92 இதைவிட உயர்ந்த ஆட்டம். ரேட்டிங் என்பது ஸ்க்ராட்ச் (ஹேண்டிகேப் பூஜ்யமான) ஆட்டக்காரருக்கு அங்கே ஆகக்கூடிய ஸ்கோர். சாதாரண ஆட்டக்காரரை அந்தக் கோர்ஸ் அவரைவிட எவ்வளவு அதிகமாகச் சிரமப்படுத்தும் என்பதை ஸ்லோப் சொல்லும். அது 55-லிருந்து 155 வரை இருக்கும். 113-ஐ நடுத்தரமாக வைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம்ஹோல்:
இதுவரை புரிந்தது. ஆனால் ஏன் ஏறியது?

பச்சைப்புல்:
ஞாயிற்றுக்கு முன் கணக்கில் இருந்த எட்டு டிஃபரன்ஷியலையும் போடுங்கள். அந்த 20-ல் எது ஆகப் பழையது என்றும் சொல்லுங்கள்.

ஒன்பதாம்ஹோல்:
14.1, 16.9, 17.2, 17.8, 18.3, 18.9, 19.4, 19.8. ஆகப் பழையது 14.1.

பச்சைப்புல்:
அதுதான் காரணம். எட்டின் கூட்டுத்தொகை 142.4, எட்டால் வகுத்தால் 17.8. புதிய கார்டு ஏறியதும் பழைய 14.1 பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்தது 18.4. இப்போது கூட்டுத்தொகை 146.7, சராசரி 18.3. ஞாயிறு ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை, சிறந்த எட்டுக்குள் நேராக நுழைந்திருக்கிறது. இத்தனை நாளாக உங்கள் இண்டெக்ஸைக் கீழே பிடித்து வைத்திருந்தது அந்த அருமையான பழைய ஆட்டம்.

பழையடிரைவர்:
தம்பி, இதில் ஒன்றைச் சேர்க்கிறேன். சிலர் இண்டெக்ஸ் ஏறுகிறதே, இறங்குகிறதே என்று பார்த்துப் பார்த்து கார்டு போடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆடியதையெல்லாம் போட்டால்தான் எதிரே ஆடுகிறவருக்கும் நியாயம். தாறுமாறாக ஏறாமல் இருக்க முறையிலேயே தடுப்பு உண்டு: கடந்த ஒரு வருடத்தின் மிகக் குறைந்த இண்டெக்ஸிலிருந்து 3.0-க்கு மேல் ஏறினால், மேற்பட்டதில் பாதிதான் சேரும். 5.0-க்கு மேல் ஏறவிடாது.

ஒன்பதாம்ஹோல்:
நன்றி ஐயா, எல்லாம் போட்டுவிடுவேன். கடைசியாக ஒன்று: இந்த வாரம் அதே கோர்ஸில், அதே டீயில் தனிநபர் ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடியை எண்ணும்) போட்டி. எனக்கு எத்தனை ஸ்ட்ரோக்?

பச்சைப்புல்:
18.3-ஐ 128-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் 20.73. அதோடு ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசம், −0.8, சேர்த்தால் 19.93. கோர்ஸ் ஹேண்டிகேப் 20. தனிநபர் ஸ்ட்ரோக் பிளேக்குப் பரிந்துரை 95 சதவீதம். அதை முழு எண்ணாக்கிய 20-இல் போடாமல் 19.93-இல் போட வேண்டும்: 18.93, அதாவது 19 ஸ்ட்ரோக். பழைய 17.8-ஆக இருந்தால் 18 வந்திருக்கும். போட்டிக் குழு வேறு சதவீதம் வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலில் அடுத்து விழப்போகும் கார்டு எது?

ஒன்பதாம்ஹோல்:
23.1. அது எட்டுக்குள் இல்லை.

பச்சைப்புல்:
அப்படியென்றால் இந்தப் போட்டியில் 105 அடித்தாலும் இண்டெக்ஸ் ஏறாது. டிஃபரன்ஷியல் 19.0 அல்லது அதற்குக் கீழே வந்தால் இறங்கும். பயமில்லாமல் ஆடுங்கள்.