உதவித்தொகை அனுப்பியாச்சு என்கிறார்கள், பணம் எங்கே போனது?

நெல்லைவாசி:

மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்துக்குப் பதிந்தார்கள், மாதம் 1,000 ரூபாய். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் மெசேஜ் வந்தது, இவளுக்கு மட்டும் இல்லை. கல்லூரியில் கேட்டால் “அனுப்பியாச்சே” என்கிறார்கள். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை. “ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு சார்” என்றார் வங்கி கவுண்டரில் இருந்த தம்பி. அவர் சொன்னதும் பொய்யில்லை.

இந்தப் பணம் நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதாரைப் பார்த்துப் போகிறது. அந்த ஆதாருக்கு, வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயின் பட்டியலில் கடைசியாக ஏறிய வங்கி எதுவோ, அங்கே விழும். நான்கு வங்கியில் ஆதார் கொடுத்திருந்தாலும் பட்டியலில் நிற்பது ஒன்றுதான். ஹாஸ்டல் பக்கத்தில் மகளுக்கு ஒரு கணக்கு தொடங்கியபோது கையெழுத்து வாங்கிய தாள்களில் சீடிங் ஒப்புதலும், அதாவது அந்தப் பட்டியலில் இந்த வங்கியை ஏற்றச் சம்மதமும், இருந்திருக்கிறது. மொத்தப் பணமும் அங்கேதான் சேர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்குக்கு எஸ்எம்எஸ் வசதி இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

வங்கிக்கு அலைவதற்கு முன்னால் ‘மை ஆதார்’ தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய், வங்கி சீடிங் நிலையைப் பாருங்கள். எந்த வங்கி என்று பெயரோடு காட்டும்.

அலுவலக மூலை:

கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் வேலை பார்க்கிறேன். அண்ணன் சொன்னது போலப் பல பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய தடங்கல் எங்கள் மேஜையில்தான். தேசிய உதவித்தொகை தளத்தில் சப்மிட் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். குறை இருந்தால் திருப்பி அனுப்புவோம், திருத்தவும் கெடு உண்டு. அதனால் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு முறை நேரில் வந்து கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை!

இன்னொன்று. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ தரும் பிரகதி உதவித்தொகை, பொறியியலும் டிப்ளமோவும் படிக்கும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் 2.5 லட்சம் வருமான வரம்பு மனதில் பதிந்துபோய், நமக்குக் கிடைக்காது என்று விட்டுவிடும் வீடுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதல் தலைமுறை:

எனக்குக் கிடைத்தது முதல் பட்டதாரி சலுகை, வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டதாரி இல்லை என்றால் கல்விக் கட்டணத்தில் தருவது. இ-சேவையில் போட்டுவிட்டு விஏஓவைப் பார்க்கப் போனால், அவர் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து, “அண்ணன் என்ன படிச்சிருக்கான்?” என்றுதான் முதலில் கேட்டார். அண்ணன் ஐடிஐ, தப்பித்தேன். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் இந்தச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த நண்பனுக்குச் சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை.

நெல்லைவாசி அண்ணே, சீடிங்கைப் பழைய வங்கிக்கே மாற்றிவிட்டீர்களா?

நெல்லைவாசி:

மாற்றவில்லை தம்பி. விழுகிற இடத்திலேயே விழட்டும் என்று அந்தக் கணக்குக்கே ஏடிஎம் கார்டும் எஸ்எம்எஸ்ஸும் வாங்கியாச்சு. படிப்பு முடியும்வரை வேறு எந்த வங்கியிலும் ஆதார் தாளில் கையெழுத்துப் போடாதே என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.