கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையமும் வில்சன் நோயும்

கேள்வி:
வணக்கம். என் அக்கா மகனுக்கு 17 வயது. சில மாதங்களாக அவனுக்குக் கை நடுங்குகிறது, கையெழுத்து குலைந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. நரம்பியல் மருத்துவர் அனுப்பியதன்பேரில் பரிசோதித்த கண் மருத்துவர், கருவிழியின் ஓரத்தில் பழுப்பு நிற வளையம் இருப்பதாகவும் அது வில்சன் நோயாக இருக்கக்கூடும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்ணில் தெரிவதைக் கொண்டு நரம்புக் கோளாறை எப்படிக் கணிக்கிறார்கள்? பார்வை போய்விடுமோ என்று அக்கா கலங்கிப்போயிருக்கிறார்.

மறுமொழி 1:
அந்த வளையத்தால் பார்வை கெடாது என்பதை முதலில் அக்காவிடம் சொல்லுங்கள். ஏடிபி7பி என்னும் மரபணு பழுதுபட்டால், உடலுக்கு வேண்டாத செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்ற இயலாமல் கல்லீரல் தேக்கிவைக்கிறது. தேக்கம் மிகும்போது அது இரத்தத்தில் கலந்து மூளையிலும், கருவிழியின் உட்புறத்திலுள்ள டெசிமெட் சவ்விலும் படிகிறது. மூளையில் படிந்தது நடுக்கமாக வெளிப்படுகிறது, கண்ணில் படிந்தது வளையமாகத் தெரிகிறது. 1902-இல் கைசரும் 1903-இல் ஃபிளைஷரும் இதை விவரித்ததால் இருவர் பெயரையும் சேர்த்துக் கைசர்-ஃபிளைஷர் வளையம் என்று வழங்குகிறார்கள். வில்சன் இந்நோயைப் பற்றி எழுதியது 1912-இல்தான். படிவு பெரும்பாலும் கருவிழியின் மேல் விளிம்பில், இமை மறைக்கும் இடத்தில் தொடங்குவதால், ஸ்லிட் லேம்ப் என்னும், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி கொண்டு பார்த்தால்தான் தொடக்கத்திலேயே பிடிபடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நரம்பு அறிகுறிகள் வந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் வளையம் இருக்கும். கல்லீரல் பாதிப்பு மட்டும் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் இருக்கும். ஆகவே வளையம் இல்லையென்றால் நோய் இல்லை என்று கொள்ளக்கூடாது. பித்தநீர் தேங்கும் வேறு சில கல்லீரல் நோய்களிலும் அரிதாக இவ்வளையம் தோன்றுவதுண்டு. இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் அளவையும், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவையும் பார்த்தே உறுதிசெய்வார்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால், நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் தவறாமல் சோதியுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். வீட்டில் செப்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள்.

மறுமொழி 2:
குடத்தை இன்றே மாற்றிவிடுங்கள். நோய் உறுதியானால், அந்தத் தங்கைக்கும் இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு; அறிகுறி தோன்றுமுன் கண்டறிந்து சிகிச்சையைத் தொடங்கினால் மூளையையும் கல்லீரலையும் காக்கலாம். பையனுக்கு, செம்பை உடலிலிருந்து வெளியேற்றும் மருந்தான பெனிசிலமின் கொடுத்தால் தொடக்கத்தில் நடுக்கம் கூடவும் கூடும். அப்போது மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியது. வளையம் மங்கி மறைந்தாலும் மருந்தை விடக்கூடாது.