மகள் மெலிவதற்காக இன்சுலினை விடுகிறாள், என்ன செய்வது?

மதுரை அம்மா
என் மகளுக்கு 17 வயது. 11 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. அப்போது எலும்பும் தோலுமாக இருந்தவள், ஊசி போடத் தொடங்கியதும் உடம்பு தேறினாள். அன்றிலிருந்து விசேஷத்துக்குப் போனாலே யாராவது ஒருத்தர் "பூசினாப்ல ஆயிட்டா" என்று சொல்லாமல் விடுவதில்லை. இந்த மூன்று மாதத்தில் நன்றாக மெலிந்துவிட்டாள். அதே வாய்கள் இப்போது "லட்சணமா இருக்கா" என்கின்றன. எனக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.1லிருந்து 11.6 ஆகிவிட்டது. மாதம் நாலு இன்சுலின் கார்ட்ரிட்ஜ் தீரும். இந்த மாதம் ஃப்ரிட்ஜில் இரண்டு அப்படியே இருக்கிறது. கேட்டால் "போட்டேன்மா" என்கிறாள். திட்டினேன், அழுதாள்.

ரவி_சார்
இனிப்பை எல்லாம் ஒளித்து வையுங்கள். ஊசியை நீங்களே போட்டுவிடுங்கள்.

கோமதி
அக்கா, ஒளித்து வைக்காதீர்கள். எனக்கு 34 வயது, 13இல் டைப் 1. எங்கள் வீட்டிலும் ஒளித்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சுகர் இறங்கி எழுந்தவள், அரிசி டின்னுக்குள் இருந்த அதிரசத்தைத் தேடி எடுத்து ஏழு தின்றேன். விடிந்ததும் அந்தக் குற்ற உணர்விலேயே ஊசியை விட்டேன்.

ஊசியை விட்டால் சர்க்கரை சிறுநீரில் போகும். உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கும். அப்படிக் கரைவதால் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும். கல்லூரி இரண்டாம் வருடம் வாந்தியும் மூச்சிரைப்புமாக, வாயில் அழுகிய பழ வாடையோடு ஐசியுவில் நாலு நாள் கிடந்தேன். பாஸ்டனில் டைப் 1 உள்ள 234 பெண்களை 11 வருடம் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலினைக் குறைத்தவர்களுக்கு இறப்பு அபாயம் மூன்று மடங்கு. மகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வீட்டில் வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாதே என்றுதான்.

மீட்டர் 320 காட்டினால் "என்னடி தின்ன?" என்பதை என் அம்மா நிறுத்தினார். நோட்டில் எழுதிவிட்டு, "எத்தனை யூனிட் போடலாம்?" என்று மட்டும் கேட்பார். சித்தி என் இடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அவ உடம்பைப் பத்தி யாரும் பேச வேண்டாம்" என்று பந்தியிலேயே சொன்னார். என் ஜாக்கெட்டுகளின் ஓரத் தையலைப் பிரித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பீரோவில் மடித்து வைத்தார்.

இன்னொன்று. ஊசியைத் திரும்பத் தொடங்கியதும் காலும் முகமும் வீங்கலாம். அது நீர்தான், வடிந்துவிடும். எனக்கு யாரும் சொல்லவில்லை. கொழுப்பு என்று நினைத்து மறுபடி ஊசியை விட்டேன். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செவிலி_தேவி
கோமதி சொல்வது சரி. இன்சுலின் அளவை டாக்டர்தான் ஏற்ற வேண்டும். நாள்பட்ட சுகரை வேகமாக இறக்கினால் விழித்திரை பாதிப்பு கூடலாம், அதனால் கண்ணையும் காட்டிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளின் சாப்பாட்டுச் சிக்கலுக்கென்றே டெப்ஸ்-ஆர் என்று 16 கேள்விப் படிவம் உண்டு, கேளுங்கள். மனநல மருத்துவரும் கூட வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மதுரை அம்மா
கோமதி, படித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஊசி போட்டா குண்டாயிடுவோம்னு பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையாட்டினாள். நாளைக் காலையில் டாக்டரிடம் போகிறோம். அந்த வீக்கம் உங்களுக்கு எத்தனை நாள் இருந்தது? அவள்தான் கேட்கச் சொல்கிறாள்.