இருபதாம் கலம்

மேரிலாந்தில் குடியேறிய மூன்றாம் ஆண்டில், அமெரிக்க வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். 1865-இல் அடிமை முறை ஒழிந்ததென்றால், சரியாக நூறாண்டு கழித்து 1965-இல் கறுப்பினத்தவரின் வாக்கைக் காக்க வாக்குரிமைச் சட்டம் ஒன்று ஏன் தேவைப்பட்டது? எங்கள் ஊர் நூலகத்தில் அவர் பொதுமக்களுக்காக நடத்திவந்த வாசிப்பு வகுப்பு முடிந்து, எல்லோருமாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு வரியில் விடை கிடைக்கும் என்று நினைத்தேன். அவரோ, "சனிக்கிழமை முற்பகல் வர முடியுமா? உங்களுக்கு இரண்டு தாள்களைக் காட்ட வேண்டும்" என்றார்.

முதல் தாள், 1860-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தென் கரோலினாவின் பியூஃபோர்ட் பகுதியில் அடிமைகளுக்கென்று தனியாக எழுதப்பட்ட அட்டவணை. உரிமையாளரின் பெயர் ஒரு கலத்தில், அதாவது மேலிருந்து கீழாக இறங்கும் ஒரு பத்தியில், இருந்தது. அடுத்தடுத்த கலங்களில் வயது, பால், நிறம். தப்பியோடியவர் எத்தனை பேர், விடுவிக்கப்பட்டவர் எத்தனை பேர் என்பதற்குக்கூடக் கலங்கள் இருந்தன. அடிமைகளின் பெயருக்கு மட்டும் கலம் இல்லை. "இந்தத் தாளில் ஒரு தாயையும் அவளுடைய பிள்ளையையும் விரல் வைத்துக் காட்டுங்கள்" என்றார் பேராசிரியை. நான் கணினித் திரையில் மேலும் கீழும் தேடினேன். மூத்தவரிலிருந்து இளையவர் வரை வயது வரிசையில் எழுதியிருந்ததால், யார் யாருடைய பிள்ளை என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. அந்த ஆண்டில் தென் கரோலினாவில் மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படித்தான் எண்ணப்பட்டார்கள்.

இரண்டாவது தாள் அதே பகுதியின் 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அவர்களுள் பெரும்பாலானோரின் முழுப் பெயர் அமெரிக்க அரசின் கணக்கெடுப்பில் முதன்முதலாக எழுதப்பட்டது அப்போதுதான். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகப் பெயர்கள் வந்தன. தொழில் என்ன, நிலம் உண்டா, படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா என்ற விவரங்களும் இருந்தன. "எழுதத் தெரியாது" என்ற கலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகள் இறங்கிக்கொண்டே போயின. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கி 1834-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டத்தின் விளைவு அது என்று அவர் சொன்னபோது, அந்தக் கோடுகளைப் பார்க்கவே எனக்கு மனம் கனத்தது.

ஆனால் அவர் எனக்குக் காட்ட விரும்பியது கடைசி இரண்டு கலங்களை. 21 வயது நிறைந்த ஆண் குடிமகனா என்று கேட்கிறது பத்தொன்பதாம் கலம். கிளர்ச்சியிலோ வேறு குற்றத்திலோ ஈடுபட்டது அல்லாமல் பிற காரணத்தால் வாக்குரிமை மறுக்கப்பட்டவரா என்று கேட்கிறது இருபதாம் கலம். ஒரு கணக்கெடுப்புப் படிவத்தில் இப்படியொரு கேள்வி எதற்கு என்று வியந்தேன். அதற்கு அவர் தந்த விளக்கம்தான் அன்றைய நாளின் சாரம். 1787-இல் எழுதிய அரசியல் சட்டம், பிரதிநிதிகள் சபையில் மாநிலங்களுக்கு இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டது. பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்ததும் அந்தக் கணக்கு காலாவதியாகி, விடுதலை பெற்ற ஒவ்வொருவரும் முழு ஆளாக எண்ணப்பட வேண்டியவராயினர். அதாவது, அடிமை முறையை ஒட்டி மூண்ட உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களிடம் தோற்ற தென்மாநிலங்கள், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தராமலேயே, அவர்களைத் தலைக்கணக்கில் காட்டி முன்னைவிடக் கூடுதல் இடங்களைப் பெற்றுவிடும் நிலை உருவானது. இதைத் தடுக்கவே, வாக்குரிமை எந்த அளவுக்கு மறுக்கப்படுகிறதோ அந்த விகிதத்தில் மாநிலத்தின் இடங்கள் குறைக்கப்படும் என்ற தண்டனை, 1868-இல் நடைமுறைக்கு வந்த பதினான்காம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவில் எழுதப்பட்டது. எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது என்று தெரிந்தால்தானே தண்டனையைக் கணக்கிட முடியும்? அதற்காகவே இருபதாம் கலம்.

அத்தண்டனை இன்றுவரை எந்த மாநிலத்தின்மீதும் செலுத்தப்பட்டதில்லை. அந்தக் கலத்தில் திரண்ட எண்ணிக்கையும் நம்பத்தக்கதன்று என்று ஒதுக்கப்பட்டது. நான் பார்த்த பக்கத்தில் பத்தொன்பதாம் கலம் கோடுகளால் நிறைந்திருந்தது. இருபதாம் கலம் வெறுமையாக இருந்தது. பியூஃபோர்ட்டைப் பொறுத்தவரை 1870-இல் அந்த வெறுமை பொய்யன்று என்பதையும் அவர் வலியுறுத்தினார். அப்போது அங்கே கறுப்பின ஆண்கள் உண்மையாகவே வாக்களித்தார்கள், பதவிகளையும் வகித்தார்கள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த வசந்தத்தில் பியூஃபோர்ட்டுக்கே போனேன். போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தை நினைவுகூரும் தேசிய வரலாற்றுப் பூங்கா அங்கு இருக்கிறது. அந்தக் காலத்தை ஆராயும் இளம் அறிஞர் ஒருவர், இராபர்ட் ஸ்மால்ஸ் வாழ்ந்த வீட்டின் எதிரே நின்றபடி என்னிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஸ்மால்ஸ் 1839-இல் அடிமையாகப் பிறந்தவர். 1862 மே 13 அன்று விடியுமுன், சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து தென்னவர் படையின் கப்பலொன்றைத் தம் குடும்பத்தாருடன் ஓட்டிச் சென்று, கோட்டைக் காவலைக் கடந்து, வடவர் கடற்படையிடம் ஒப்படைத்தவர். பிற்காலத்தில் தம்முடைய பழைய எசமானரின் வீட்டையே விலைக்கு வாங்கினார். பிரதிநிதிகள் சபை உறுப்பினரும் ஆனார்.

நான் பேராசிரியையிடம் கேட்டறிந்தபடி, 1876 குடியரசுத் தலைவர் தேர்தல் தகராறுக்குப் பின் 1877-இல் கூட்டாட்சிப் படைகள் பின்வாங்கியதோடு, தென்னகத்தில் கறுப்பினத்தவரின் வாக்கு, பதவி எல்லாம் முடிந்தது என்றேன். இளைஞர் உடனே மறுத்தார். 1877-இல் தென்னகத்தில் கறுப்பினத்தவரின் வாக்குகளால் நின்ற குடியரசுக் கட்சி ஆட்சிகளில் எஞ்சியிருந்தவையே மூன்றுதான். மிசிசிப்பியில் 1875-லேயே வன்முறையால் வாக்காளர்களை விரட்டிவிட்டார்கள். ஆகவே முடிவு முன்பே தொடங்கிவிட்டது என்றார். மறுபுறம், வட கரோலினாவின் கறுப்பின உறுப்பினர் ஜார்ஜ் ஒயிட் 1901 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தாரே, அப்படியானால் 1877-இல் எப்படி எல்லாம் முடிந்திருக்கும் என்றும் கேட்டார். அவர் கணிப்பில் உண்மையான பூட்டு 1895-இல்தான் விழுந்தது. வாக்களிக்க, அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்து எழுதத் தெரிய வேண்டும், அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று தென் கரோலினா அந்த ஆண்டில் கூட்டிய அரசியல் சட்ட மாநாட்டில் புதிய விதி வகுத்தது. அந்த மாநாட்டில் இருந்த கறுப்பினத்தவர் ஆறே பேர். ஸ்மால்ஸ் அவர்களுள் ஒருவராக எழுந்து எதிர்த்துப் பேசித் தோற்றார். 1834-இல் எழுத்தைத் தடுத்த அதே மாநிலம், 61 ஆண்டுகளுக்குப் பின் எழுத்தறிவின்மையையே காரணங்காட்டி வாக்கைப் பறித்தது. இரண்டாம் தாளில் கண்ட கோடுகள் அப்போது என் கண்முன் வந்தன. இந்த வாதத்தில் என் மனம் இளைஞரின் பக்கமே சாய்கிறது. ஓர் ஆண்டைச் சுட்டி முடித்துவிட்டால், அதன்பிறகும் இருபதாண்டுக் காலம் உயிரைப் பணயம் வைத்து வாக்களித்தவர்கள் கணக்கில் வராமல் போகிறார்கள்.

ஊர் திரும்பியதும் பேராசிரியையைத் தொலைபேசியில் அழைத்து அவ்வளவையும் ஒப்பித்தேன். இடைமறிக்காமல் கேட்டார். "1901 பற்றி அவர் சொன்னது சரி. நான் என் மாணவர்களிடம் 1877 என்றுதான் சொல்லிவந்தேன், வகுப்பில் சுருக்கிச் சொல்லும் பழக்கம்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு, 1880-ஆம் ஆண்டுப் படிவத்தையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். அன்றிரவே தேடி எடுத்தேன். படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது என்ற கலங்கள் அதில் அப்படியே இருந்தன. அவற்றை அடுத்துப் பிறந்த இடம், தந்தை பிறந்த இடம், தாய் பிறந்த இடம். படிவம் அத்துடன் முடிந்தது. வாக்குரிமை மறுக்கப்பட்டதா என்று கேட்கும் கலம் எடுக்கப்பட்டிருந்தது.