திருகோணமலைச் சரிவு வளவுகளில் நிலம் மூடும் செடிகள்: எங்கள் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

சரிவான வளவில் எதை நடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பூவின் நிறத்தையும் இலையின் பசுமையையும் பார்ப்பதற்கு முன்னர், வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசும் கச்சான் காற்றையும், அதன் பின்னர் கார்த்திகை மார்கழியில் கொட்டும் மாரி மழையையும் அந்தச் செடி தாங்குமா என்று பாருங்கள். திருகோணமலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதன் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடைப்பட்ட காலத்திலேயே பெய்து முடிந்துவிடுவதால், எஞ்சிய மாதங்களில் நிலம் இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. மலைநாட்டில் சரிவுகளுக்கென்று பரிந்துரைக்கப்படும் செடிகள் பல இங்கு ஆனி மாதத்தைத் தாண்டுவதில்லை. வறட்சியைத் தாங்கும் செடிகளில் பலவற்றுக்கோ ஓடும் வெள்ளத்தின் முன் நின்று மண்ணைப் பிடிக்கும் வேர் இல்லை.

எங்கள் வீட்டின் பின்புறம் துறைமுகப் பக்கமாக இறங்கும், சரளைக்கல் கலந்த கிறவல் நிலம். நாங்கள் குடிவந்தபோது சரிவு முழுவதும் மலேசியன் புல் பதிக்கப்பட்டிருந்தது. சமதரையில் நிழலும் நீரும் கிடைத்தால் அழகாக வளரும் அந்தப் புல்லின் வேர்கள் மேல்மண்ணின் சில அங்குலங்களுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. கச்சான் காலத்தில் அது காய்ந்து சருகாகியது. மாரியின் முதற் பெருமழையில் புற்பாளங்கள் அடியோடு கழன்று கீழ் மதிலருகே குவிந்தன.

அதன் பின்னர் சரிவின் குறுக்கே வெட்டிவேர் வரிசைகளை அமைத்தோம். வெட்டிவேரின் வேர்கள் பக்கவாட்டில் பரவுவதைவிடச் செங்குத்தாகக் கீழிறங்குபவை. நல்ல மண்ணில் 3 மீற்றருக்கும் அதிகமாக இறங்கும். எங்கள் கிறவலில் அவ்வளவு ஆழம் போயிருக்காது என்றே எண்ணுகிறேன். ஆயினும் ஒரு தூரைப் பிடுங்கிப் பார்க்க முயன்றபோது அலவாங்கு இல்லாமல் அசைக்க முடியவில்லை. ஒரு தூருக்கும் மறு தூருக்கும் இடையே ஆறு அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது. இடைவெளி கூடினால் அந்த வாயிலால் நீர் பாய்ந்து அங்கேயே ஓர் ஓடையை வெட்டிவிடும். நெருக்கமாக நட்ட தூர்கள் ஓடிவரும் நீரைச் சீப்புப் போல வகிர்ந்து, அதன் வேகத்தைக் குறைத்து, அது சுமந்துவரும் மண்ணை மேற்புறத்தில் படியவிடுகின்றன. இப்படிப் படிந்த மண்ணால் ஒவ்வொரு வரிசைக்கு மேலும் காலப்போக்கில் ஒரு சிறு படி தானாகவே உருவாகிறது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, எங்கள் சரிவின் மண் இருந்த இடத்திலேயே இருந்ததற்கு இந்த வரிசைகளே காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வரிசைகள் சரியான மட்டத்தில் இருப்பது மிக முக்கியம். கண்ணால் மதித்து நடும் வரிசை எப்போதும் ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். தாழ்ந்த முனையை நோக்கி நீர் முழுவதும் திரண்டு ஓடும். மேசன்மார் பயன்படுத்தும், உள்ளே நிரப்பிய நீர் வெளியே தெரியும் பிளாஸ்ரிக் குழாயை வைத்து இருவர் சேர்ந்து மட்டம் குறித்தால் ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். சரிவின் கடுமையையும் அளந்துகொள்ளுங்கள். ஒரு மீற்றர்க் கம்பைச் சரிவிலிருந்து வெளியே கிடையாக நீட்டி, அதன் நுனியிலிருந்து நிலம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். ஓர் அடியளவு என்றால் படரும் செடிகளே போதும். அரை மீற்றரை நெருங்கினால் வெட்டிவேர் வரிசையோ கல்லடுக்கோ இல்லாமல் எந்தப் படரியும் நிலைக்காது. ஒரு மீற்றரை எட்டினால் அது செடிகளின் வேலையே அன்று. பொறியியலாளர் ஒருவரின் ஆலோசனையுடன், நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட்டுத் தாங்குசுவர் கட்ட வேண்டும்.

வெட்டிவேர் வரிசைகளுக்கு இடைப்பட்ட நிலத்தைப் பொடுதலையால் மூடினோம். குளக்கரைகளிலும் வயல் வரம்புகளிலும் தானாக முளைக்கும் இந்தக் கொடியை எவரும் தோட்டச் செடியாக மதிப்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு, தரையோடு தரையாகப் படிந்து, சிறிய வெள்ளையும் ஊதாவும் கலந்த பூக்களால் தேனீக்களை அழைக்கும் பொடுதலை, கால் பட்டாலும் சாகாது. கச்சானின் உச்சத்தில் அதன் இலைகள் சிறுத்து நிறம் மங்கினாலும், முதல் மழைக்குப் பின்னர் பழைய கணுக்களிலிருந்தே துளிர்த்துவிடுகிறது. கன்றுகளை ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைக் கன்று வரும்படி மாற்றி மாற்றி நட்டு, ஒவ்வொரு குழியின் கீழ்ப்புறத்திலும் சிறு மண் அணை வைத்தால் ஊற்றும் நீர் வழிந்தோடாமல் வேருக்கே இறங்கும்.

உப்புவெளியிலிருந்து:

மேலே எழுதிய ஐயாவின் கருத்துகள் கிறவல் நிலத்துக்கு முற்றிலும் பொருந்தும். கடலோரத்தில் மணற்சரிவு உள்ள எங்களைப் போன்றவர்களின் நிலைமை வேறு. மணலில் நீர் ஓடி மண்ணை அரிப்பதைவிட, காற்று மணலை வாரிச் செல்வதே பெரிய தொல்லை. வாடைக்காற்றுடன் வரும் உப்புத்தூறல் இலைகளைக் கருக்கிவிடுவதால், கடைகளில் விற்கும் பூச்செடிகளில் பெரும்பாலானவை எங்கள் வளவின் கடற்பக்கச் சரிவில் நிலைப்பதில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது அடம்பன் கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர்கள் சொல்வதை இந்த மணற்சரிவில் நான் ஒவ்வொரு ஆண்டும் காண்கிறேன். பல மீற்றர் நீளத்துக்கு ஓடி, போகும் வழியெங்கும் கணுக்களில் வேர்விட்டு, மேலே மணல் மூடினால் அதனூடாகவே மீண்டும் தலைநீட்டும் இக்கொடி, உப்பையும் வெயிலையும் ஒருசேரத் தாங்குகிறது. ஆட்டுக்கால் குளம்பை ஒத்த அதன் தடித்த இலைகளும் ஊதாநிறப் பூக்களும் காலை வேளையில் உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சி. கணுக்கள் உள்ள தண்டுகளை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, பாதியைச் சரிவுக்குக் குறுக்காக மணலில் புதைத்து, வேர்பிடிக்கும் வரை காலையும் மாலையும் நீர் தெளித்தால் போதும். தண்டுகளைக் கடற்கரை மணல்மேடுகளிலிருந்து அறுத்து வர வேண்டாம் என்று அனைவரையும் மிகவும் வேண்டிக் கேட்கிறேன். அந்த மேடுகளைப் பிடித்து வைத்திருப்பதே இக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். எவருடைய வளவிலாவது வேலி தாண்டிப் படர்ந்திருக்கும் கொடியைக் கேட்டு வாங்கினால் ஒருவருக்கும் தீங்கில்லை.

அடம்பனுக்கு முழு வெயில் வேண்டும். மரநிழலில் அது மெலிந்துவிடும். வீட்டுக்கு அண்மையில் விட்டால் நடைபாதையையும் மூடிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை ஓரங்களை வெட்டுகிறோம்.

கோட்டைக்கு அண்மையிலிருந்து:

இந்த நகரத்தில் செடி தெரிவு செய்பவர்கள் மழையையும் காற்றையும் மட்டும் கணக்கிலெடுத்தால் போதாது. பிரெட்ரிக் கோட்டையிலிருந்தும் கோணேசர் கோயில் வீதியிலிருந்தும் நகருக்குள் வந்து திரியும் புள்ளிமான்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவை இந்த ஊரின் பெருமை. அவற்றைத் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே மான் விரும்பாத செடிகளைத் தேடி நடுவதே எங்கள் வீட்டின் வழக்கமாகிவிட்டது.

எங்கள் சரிவில், மஞ்சள் பூப் பூக்கும் படர் நிலக்கடலையை நண்பர் ஒருவரின் பரிந்துரையின் பேரில் வைத்தோம். பிரேசிலைப் பிறப்பிடமாகக் கொண்ட இக்கொடி காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்ப்பதாலும், அரைநிழலிலும் செழிப்பதாலும் தென்னந்தோட்டங்களில் நிலம் மூட நடப்படுவது. ஆனால் அது கால்நடைத் தீவனமாகவும் வளர்க்கப்படும் கொடி என்பதால் மான்களுக்கும் அது விருந்தாயிற்று. இரவோடிரவாகத் தண்டு மட்டும் எஞ்சியது. மதில் சூழ்ந்த வளவும், கச்சான் காலத்தில் நீர் ஊற்ற வசதியும் உள்ளவர்களுக்கு அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். திறந்த வளவுக்கு அது உதவாது.

மான்கள் தீண்டாமல் விட்டவை எலுமிச்சைப் புல்லும், வாள் போன்ற தடித்த இலைகளைக் கொண்ட மருள் செடியும். முற்றிய வெட்டிவேரின் சொரசொரப்பான இலையையும் அவை பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இளந்தளிரை மட்டும் மேய்வதால், முதல் மாரி முடியும் வரை முள்ளுக் கிளைகளை மேலே பரப்பி வைத்தால் தூர் தப்பிவிடும்.

கன்னியாப் பக்கத்திலிருந்து:

நிழற்சரிவைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் இதனைச் சேர்க்கிறேன். எங்கள் வளவில் பாலையும் வேம்பும் நிற்கும் பகுதியில் புல் எதுவும் பிடிக்கவில்லை. மரவேர்கள் நீரை உறிஞ்சிவிடுவதுடன் வெயிலும் கிடைப்பதில்லை. அவ்விடத்தில் மருள் மட்டுமே முழு மனநிறைவைத் தந்தது. நமது வறண்ட காடுகளின் பாறையிடுக்குகளில் இயல்பாக வளரும் தாவரம் அது. நிலத்தடிக் கிழங்குத் தண்டு பக்கவாட்டில் ஊர்ந்து புதிய கன்றுகளை எழுப்புவதால், சில ஆண்டுகளில் கல்லும் மண்ணும் ஒன்றாகப் பிணைந்துவிடுகின்றன. நட்ட பின்னர் நீர் ஊற்றியதாகவே நினைவில்லை. மரங்களிலிருந்து விழும் சருகை அப்படியே விட்டுவிடுங்கள். வெறுந்தரையில் நேரே அறையும் மழைத்துளிதான் மண்ணை முதலில் உடைக்கிறது. சருகு அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. சருகு வழுக்கிக் கீழே போகும் இடங்களில் தும்பு வலையை விரித்து, மூங்கில் முளைகளால் அறைந்தால் அது செடிகள் வேரூன்றும் வரை தாக்குப்பிடித்து, பின்னர் மண்ணோடு மக்கிவிடும்.

இன்னொரு செய்தியைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். மஞ்சள் பூவுடன் விரைவாகப் படரும் வெடேலியாவைச் சரிவுக்கு ஏற்றதென்று பல இடங்களில் விற்கிறார்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட, உலகின் மிகக் கேடான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. வெட்டி எறிந்த துண்டு வாய்க்காலில் விழுந்தாலும் அங்கே வேர்விட்டுவிடும். எங்கள் பக்கத்து நீரோடையின் கரையில் முன்பு இருந்த பொடுதலையும் அறுகும் இன்று அதன் அடியில் மறைந்துபோயுள்ளன. அதே பட்டியலில் உள்ள நாயுண்ணியையும் வேலிக்கென்று வைக்காதீர்கள். தமது வளவின் மண்ணைக் காப்பதற்காக ஊரின் ஓடையைக் கெடுப்பது நியாயமாகாது.

அடர்ந்த செடிகளுக்குள் புடையன் பாம்பு தங்கக்கூடும் என்பதால், வீட்டுச் சுவருக்கும் பற்றைக்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு வெறுந்தரையாகவோ கற்பாவியோ விடுவது பிள்ளைகள் உள்ள வீடுகளில் கட்டாயம்.

உவர்மலையிலிருந்து மீண்டும்:

எல்லோருடைய பதிவுகளுக்கும் நன்றி. எப்போது நடுவது என்று தனிப்பட்ட முறையில் கேட்டிருந்தவர்களுக்கு இங்கேயே விடை எழுதுகிறேன். பலர் கார்த்திகையில் மழை பிடித்த பின்னரே நடுகிறார்கள். அப்போது வேர் பிடிப்பதற்கு முன்னரே வெள்ளம் வந்து கன்றைத் தூக்கிச் செல்கிறது. புரட்டாதிக் கடைசியில் குழிகளை வெட்டி, பின்னேரங்களில் இடியுடன் மழை தொடங்கும் ஐப்பசி முதல் வாரங்களில் நட்டுவிட்டால், பெருமழைக்கு முன்னர் கன்றுக்குச் சில வாரங்களாவது கிடைக்கும். அதற்குள் மழை தவறினால் கைநீர் ஊற்றத்தான் வேண்டும். முதல் ஆண்டுக் கச்சானில், அடியில் சிறு துளையிட்ட மண்முட்டிகளைச் செடிகளுக்கு இடையே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பிவைத்தது எங்களுக்கு நன்றாக உதவியது.

நடுவதற்கு முன்னர் கூரைப் பீலியின் நீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வீடு சரிவின் மேலே இருந்தால், கூரை நீர் முழுவதும் ஒரே இடத்தில் விழுந்து கீழிறங்கும். ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அதன் மோதுவிசை நான்கு மடங்காகும்; அதற்கு எதிரே வெட்டிவேரும் நில்லாது. சரிவின் மேல் விளிம்பில் ஒரு கான் வெட்டி, அந்த நீரைக் குழாய் வழியாகப் பக்கவாட்டில் இறக்கிய பின்னரே செடிகளைத் தொடுங்கள்.

வெட்டிவேரை மாரிக்கு முன்னர் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் அடித்தூர் பெருத்து இடைவெளி அடைபடும். வெட்டிய இலைகளை வரிசைகளுக்கு மேற்புறத்தில் மூடாக்காக இடலாம். வேரை விற்கும் ஆசையில் தோண்டினால் வரிசை குலைந்துவிடும். வரும் புரட்டாதியில் எங்கள் பழைய தூர்களில் சிலவற்றைப் பிரிக்கவிருக்கிறோம். வேண்டுபவர்கள் இங்கே எழுதினால் ஈரச்சாக்கில் கட்டி வைப்பேன்; பிரித்த தூர்களை வெயிலில் வைக்காமல் இரண்டு மூன்று நாட்களுக்குள் நட்டுவிடுங்கள்.