நாற்றங்கால் தண்ணீரில் விழுந்த நோக்கியா 1100: நான்கு விசைகள் வேலை செய்யவில்லை, வீட்டிலேயே பிரிக்கலாமா?

கோரையாற்றுக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே நோக்கியா 1100 கைபேசியைத்தான் வைத்திருக்கிறார். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, எங்கள் வீட்டில் கடைசிவரை உயிரோடு இருந்த பேசி அதுதான் என்பதால், அதை மாற்றும் பேச்சையே அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சென்ற குறுவைக்கு நாற்றுப் பறிக்கும்போது அது சட்டைப்பையிலிருந்து நழுவி நாற்றங்கால் தண்ணீரில் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்து, வெயிலில் காயவைத்து, இரண்டு நாட்கள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தோம். பிறகு நன்றாகவே வேலை செய்தது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து 5 என்ற விசை சில நேரம் ஏற்கும், சில நேரம் ஏற்காது என்று தொடங்கி, இப்போது 2, 5, 8, 0 ஆகிய நான்கும் அறவே வேலை செய்யவில்லை. திரை தெளிவாகத் தெரிகிறது, டார்ச் எரிகிறது, அழைப்பு வந்தால் எடுத்துப் பேச முடிகிறது, மேலும் கீழும் நகர்த்தும் விசையும் சரியாகவே இருக்கிறது.

பக்கத்து நகரத்துப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் 'போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் தொடர்பு எண்கள் சிம் அட்டையில் இல்லை, பேசியின் நினைவகத்திலேயே இருக்கின்றன. நானே பிரித்துப் பார்த்தால் அவை அழிந்துவிடுமா? என்னென்ன கருவிகள் வேண்டும்? சைக்கிள், மோட்டார் பம்பு ஆகியவற்றைப் பிரித்துப் பழக்கம் உண்டு. மின்னணுப் பொருளில் கை வைத்ததில்லை.

குடந்தை ரிப்பேர்க்காரர்:

தம்பி, போர்டு போயிருந்தால் திரையும் வராது, அழைப்பும் வராது. இவையெல்லாம் இயங்குகின்றன என்றால், பேசியின் பெரும்பகுதி நலமாக இருக்கிறது என்றுதான் பொருள்.

ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நகர்த்தும் விசை வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர்ப்பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகக் கீழே நகர்த்திப் பார்ப்பதற்கு எண் விசை எதுவும் தேவையில்லை. இந்த வகைப் பேசியின் நினைவகத்தில் 50 பெயர்களுக்குத்தான் இடம் உண்டு என்பதால் அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிடலாம். எண்களை சிம் அட்டைக்குப் படியெடுக்கும் வசதியும் அதே பட்டியலில் இருக்கிறது. பிரிப்பதாலோ மின்கலத்தைக் கழற்றுவதாலோ அவை அழிவதில்லை, ஏனென்றால் மின்சாரம் இல்லாமலும் தகவலைத் தக்கவைக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில்தான் அவை இருக்கின்றன. ஆனால் முதன்முறை பிரிப்பவரின் கை எங்கே வழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. பழுது பரவினால் நகர்த்தும் விசையும் போகும், அப்போது பட்டியலைத் திறக்கவே முடியாது.

இனி உங்கள் பழுதுக்கு வருகிறேன். 2, 5, 8, 0 ஆகிய நான்கும் ஒரே நேர்க்கோட்டில் மேலிருந்து கீழாக இருப்பதைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதில்லை. திருந்திய நெல் சாகுபடியில் மார்க்கரை நெடுக்கும் குறுக்குமாக உருட்டி, கோடுகள் வெட்டும் இடத்தில் நாற்றை வைப்பீர்களே, அதேபோல் போர்டிலும் நெடுக்காகச் சில தடங்களும் குறுக்காகச் சில தடங்களும் ஓடுகின்றன; அவை சந்திக்கும் இடத்தில்தான் விசை உட்கார்ந்திருக்கிறது. நான்கு விசைகள் தனித்தனியே கெட்டுப்போவது அரிது. அவற்றுக்குப் பொதுவான நெடுக்குத் தடம் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அதன்மேல் களிம்பு படிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். போர்டுக்குள் தடங்கள் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே பின்பற்றும் என்பதில்லை. இருந்தாலும் உங்கள் பேசியில் அறிகுறி இவ்வளவு நேராக இருப்பதால் அங்கேதான் முதலில் தேடுவேன்.

கருவி அதிகம் தேவையில்லை. இந்தப் பேசியில் இருப்பவை ஆறு முனை நட்சத்திரக் குழி கொண்ட சிறு திருகுகள். ஹார்டுவேர் கடையில் 'ஸ்டார்' என்று கேட்டால் கூட்டல் குறி வடிவ ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதை வைத்துத் திருகினால் குழி மழுங்கிவிடும். 'டார்க்ஸ் டி6' என்று கேட்டு வாங்குங்கள். அதோடு 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சிறு புட்டி, மென்மையான பழைய பல் தேய்ப்பான், வெள்ளைத் தட்டு ஒன்று. கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் கலந்திருக்கும். அது போர்டில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

பேசியை அணைத்து, பின்மூடியைக் கழற்றி, மின்கலத்தையும் சிம் அட்டையையும் முதலில் வெளியே எடுங்கள். அதன்பிறகு முன்மூடியை ஓரங்களில் நகத்தால் நெம்பினால் ரப்பர் விசைத்தாளோடு பிரிந்து வரும். திருகுகளைக் கழற்றும்போது எது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைத் தட்டில் அதே அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் இன்னொரு பேசியால் படம் எடுங்கள். திரைக்குச் செல்லும் இணைப்பை இழுக்கவே கூடாது. விசைப் பழுதுக்கு அதைத் தொடவேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

விசைகளுக்கு அடியில், குமிழ் குமிழாக உலோகச் சில்லுகள் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அழுத்தும்போது 'டிக்' என்று விரலில் படுவது அந்தக் குமிழ்தான். குமிழுக்கு நேர் கீழே போர்டில் தங்க முலாம் பூசிய வளையமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் இருக்கும்; குமிழ் அமுங்கி இரண்டையும் இணைத்தால் பேசி எண்ணை ஏற்றுக்கொள்கிறது. நாற்றங்கால் தண்ணீர் இந்தத் தாளுக்கு அடியில் புகுந்து, வண்டலை விட்டுவிட்டுக் காய்ந்திருக்கும். தாளை ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள், முழுவதும் உரித்தெடுக்க வேண்டாம், பசையுள்ள பக்கத்தில் விரல் படக்கூடாது. பச்சையாகவோ வெள்ளையாகவோ எதையேனும் கண்டால், பல் தேய்ப்பானை ஆல்கஹாலில் நனைத்து ஒரே திசையில் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்தில் களிம்பு இன்னும் வேகமாக ஏறும்.

வேதை உப்புக்காற்று:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் உப்பளக் காற்றிலேயே, தண்ணீரில் விழாத பேசிகளுக்கும் களிம்பு ஏறிவிடும். நாற்றங்கால் தண்ணீரோ வெறும் தண்ணீர் அன்று, அதில் யூரியாவும் டிஏபியும் கரைந்திருக்கும். உப்புச் சத்துள்ள நீரில் மின்கலத்தின் மின்னோட்டமும் சேர்ந்தால் செப்புத் தடம் கரையத் தொடங்கிவிடும். எனவே தண்ணீரில் விழுந்த பேசியைத் துடைப்பதற்கு முன்பே மின்கலத்தைப் பிடுங்கிவிட வேண்டும். 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று உடனே போட்டுப் பார்ப்பதுதான் பெருந்தவறு.

அரிசிப் பானையைப் பற்றி: நெல் விளையும் ஊரில் இப்படிச் சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அரிசி பேசிக்குள் இருக்கும் நீரைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை. அதன் மாவுத்தூள்தான் சார்ஜர் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி மின்விசிறிக் காற்றில் வைப்பதே மேல்.

நாகை மின்கலன்:

மின்கலத்தை ஒருவரும் விசாரிக்கவில்லையே என்று எழுதுகிறேன். நோக்கியா 1100 பேசியில் இருப்பது பிஎல்-5சி. அதை வழவழப்பான மேசையில் படுக்கவைத்து ஒரு சுண்டு சுண்டுங்கள். பம்பரம்போலச் சுழன்றால் நடுப்பகுதி உப்பியிருக்கிறது என்று அறியலாம். உப்பியதைக் குத்துவது, அழுத்துவது, மறுபடி சார்ஜ் ஏற்றுவது மூன்றும் கூடாது. உப்பவில்லை என்றால் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். முழுச் சார்ஜில் ஏறத்தாழ 4.2 வோல்ட் காட்ட வேண்டும், மேலே அச்சிட்டிருக்கும் 3.7 என்பது சராசரி அளவு. 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிக் கிடந்த மின்கலத்தை நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்பும் வித்தையைச் சிலர் செய்துகாட்டுவார்கள். வீட்டில் அதை முயல வேண்டாம்.

புதிதாக வாங்குவதில் சிரமம் இருக்காது. சந்தையில் விற்கும் சிறிய எஃப்எம் ரேடியோக்கள், ஸ்பீக்கர்கள் பலவற்றில் இதே பிஎல்-5சி அளவுதான் இருக்கிறது. 2007ஆம் ஆண்டில், மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி மின்கலங்கள் சூடேறக்கூடும் என்று நோக்கியாவே அறிவித்து மாற்றிக் கொடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்து மின்கலம் ஏதேனும் இன்னும் பெட்டிக்குள் கிடந்தால் அதைப் பேசியில் போட்டுப் பார்க்காதீர்கள்.

கோரையாற்றுக்காரன்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. குடந்தை அண்ணன் சொன்னபடி முதலில் நோட்டைத்தான் எடுத்தேன். மொத்தம் 47 பெயர்கள். நான் பள்ளியில் படித்த காலத்தில் அப்பாவுக்காக ஆங்கில எழுத்தில் ஏற்றிக் கொடுத்தவை அவை. 'நடவு அக்கா', 'போர் செட்', 'உரக்கடை பழையது', 'உரக்கடை புதியது' என்று இருந்தன. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இவர் இப்போது இல்லை, இந்த எண் மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்ததில் அரை மணி நேரத்தில் முடியவேண்டியது இரண்டு மணி நேரம் ஆனது.

டி6 உள்ளூரில் கிடைக்கவில்லை, தஞ்சாவூரிலிருந்து வாங்கிவந்தேன். பிரித்தேன். குமிழ்த் தாளின் கீழ் ஓரத்தில், 0 விசைக்கு அருகில், கடுகளவுக்குப் பச்சையாகக் களிம்பும் அதைச் சுற்றிக் காய்ந்த சேறும் இருந்தன. ஆல்கஹாலில் நான்கைந்து முறை தேய்த்ததும் சேறு கரைந்து பழுப்பாக வழிந்தது, தங்க வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு மணி நேரம் காயவிட்டுத் திரும்பப் பூட்டினேன். 2, 5, 0 மூன்றும் இப்போது ஒழுங்காக ஏற்கின்றன. 8 மட்டும் வரவில்லை. மறுபடி பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 8 விசையின் வெளி வளையத்தில் ஒரு பக்கம் முலாமும் அதற்குக் கீழே இருந்த செம்பும் அரித்துப்போய், போர்டின் பச்சை நிறம் தெரிகிறது. மின்கலம் சுண்டினால் சுழலவில்லை, சார்ஜ் ஏற்றியபின் 4.1 வோல்ட் காட்டுகிறது.

எங்கள் பகுதியில் பல எண்கள் 9, 8 என்றுதான் தொடங்குகின்றன. 8 இல்லாமல் அப்பாவால் புதிய எண்ணுக்கு அழைக்க முடியாது. இதை நானே பற்றவைக்கலாமா?

குடந்தை ரிப்பேர்க்காரர்:

நான்கில் மூன்று திரும்பி வந்ததே நல்ல வேலை. நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், பொதுத் தடத்தில் இருந்த களிம்பு விலகிவிட்டது. 8 விசையின் வளையம் மட்டும் தடத்திலிருந்து துண்டாகிவிட்டது. உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. மின்கலத்தைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, 5 விசையின் வளையத்தில் ஒரு முனையையும் 8 விசையின் வளையத்தில் மறுமுனையையும் தொட்டுப் பாருங்கள், அடுத்து நடுப்புள்ளிகளையும் அப்படியே பாருங்கள். வளையம், புள்ளி இரண்டில் ஒன்று 2, 5, 0 மூன்றுக்கும் பொதுவாக 'பீப்' ஒலி தரும். 8 மட்டும் அதில் சேராமல் ஊமையாக இருந்தால் அறுப்பு அங்கேதான்.

அந்த இடத்துக்கு மெல்லிய எனாமல் பூச்சுள்ள செப்பு இழையால் ஜம்பர், அதாவது அறுந்த இடத்தைத் தாண்டிச் செல்லும் இணைப்பு, போட வேண்டும். இதை நீங்களே செய்யச் சொல்ல மாட்டேன். மோட்டார் பம்புக்குப் பற்றவைக்கும் 25 வாட் கோல் இந்த வளையத்தைவிடப் பருமனாக இருக்கும். கொஞ்சம் அதிக நேரம் வைத்தால் வளையமே போர்டை விட்டு உரிந்து வந்துவிடும். குமிழ் உட்காரும் இடத்தில் ஈயம் மேடாக நின்றாலும் விசை எப்போதும் அழுந்தியபடியே இருக்கும். ஆகவே ஈயத்தை வளையத்தின் வெளி ஓரத்தில் மட்டும் தொட்டு, இழையைக் குமிழ்த் தாளுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.

நுண்ணோக்கி வைத்து வேலை செய்யும் கடை ஒன்றைத் தேடிப் போங்கள். போகும்போது 'பேசி வேலை செய்யவில்லை' என்று சொல்லாமல், '8 விசையின் வளையத்துக்கு 5 விசையின் வளையத்திலிருந்து ஒரு ஜம்பர் வேண்டும்' என்று நீங்கள் எடுத்த படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை என்று தெரிந்தால் மறுக்க மாட்டார்கள். அதுவரை அப்பா புதிய எண்ணுக்குப் பேச வேண்டியிருந்தால், அந்த எண்ணிலிருந்து ஒரு தவறிய அழைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். தவறிய அழைப்புகளின் பட்டியலிலிருந்து 8 விசையைத் தொடாமலேயே திரும்ப அழைக்கலாம், அப்படியே பெயர் போட்டுச் சேமித்தும் கொள்ளலாம்.

கோரையாற்றுக்காரன்:

அளந்துவிட்டேன். 2, 5, 0 மூன்றின் வளையங்களும் பீப் தருகின்றன, 8 தரவில்லை. வரும் வெள்ளிக்கிழமை கும்பகோணம் போகும் வேலை இருக்கிறது, படத்தோடு பேசியையும் எடுத்துப் போகிறேன். தவறிய அழைப்பு உத்தியை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் அதைத்தான் ஒரு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறாராம்.