சிறையில் எழுதுபவர்களுடன் கடிதத் தொடர்பு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். புழல், பாளையங்கோட்டை மத்திய சிறைகளில் கவிதை எழுதுபவர்களுடன் கடிதம் வழியாகப் பேச எங்கள் வாசகர் வட்டம் விரும்புகிறது. அவர்கள் அனுப்பும் கவிதையை நாங்கள் கவனமாகப் படித்துக் கருத்து எழுதுவோம், எங்கள் கவிதைகளையும் அனுப்புவோம். பரிதாபப்பட்டு எழுதும் கடிதங்களாக அவை இருக்கக் கூடாது. எழுதுகிறவருக்கு வேண்டியது ஒரு நல்ல வாசகர்தான்.

2023 சென்னை புத்தகக் காட்சியில் சிறைத்துறையே அரங்கு அமைத்துக் கைதிகளுக்காகப் பொதுமக்களிடம் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றது. அதனால் கதவு முழுக்க மூடப்படவில்லை என்று நம்புகிறேன்.

கடிதங்களை அதிகாரிகள் படித்த பிறகே கொடுப்பார்கள். அது சரி. ஆனால் அனுமதியை அந்தந்தச் சிறைக் கண்காணிப்பாளரிடம் கேட்பதா, எழும்பூர் தலைமை அலுவலகத்திலா? விசாரணைக் கைதிகளுக்கு வேறு விதி உண்டா? பெண்கள் தனிச்சிறையில் இப்படி யாராவது செய்திருக்கிறீர்களா?

அப்புறம், முன்பு உள்ளே இருந்தவர்கள் இங்கே இருந்தால், எப்படிப்பட்ட கடிதம் வந்தால் பிடிக்கும் என்று சொல்லுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள், பெயர் வெளியே வராது.